சோற்றை விடுவதா, குறைப்பதா? முதலில் மருந்துப் பையைத் திறங்கள்

"பாப்பா, கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. லாரியை ஓரமா நிறுத்திட்டேன்."

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். பேசியது என் பெரியம்மா மகன். பினாங்குத் தீவுக்குள் ஜெலுத்தோங் பக்கம் சரக்கு இறக்கப் போயிருந்தார். "என்னண்ணே பசியாறினீங்க?" என்று கேட்டேன். இரண்டு அவித்த முட்டை, சீனி போடாத தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), அவ்வளவுதான். சோறு, ரொட்டி, தோசை எதையும் தொட்டு ஒன்பது நாள் ஆகிறதாம். இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை போட்டீர்களா என்றேன். "அதெல்லாம் தவறாமப் போட்டுட்டேன்" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பக்கத்துக் கடையில் அரை கிளாஸ் தண்ணீர் வாங்கி, மூன்று தேக்கரண்டி சீனியைக் கலக்கி உடனே குடிக்கச் சொன்னேன். கையோடு வைத்திருந்த ரத்தச் சீனி மெஷினில் குத்திப் பார்த்தார். 3.1 மில்லிமோல். நான்குக்குக் கீழே போனாலே சீனி இறங்கிவிட்டது என்று பொருள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னேன். 4.6. அப்புறம் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவர் கேட்டது இதுதான்: "சோற்றை விட்டதே தப்பா, இல்ல நான் விட்ட விதம் தப்பா?"

விட்ட விதம்தான் தப்பு. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அண்ணன் மாதிரி நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பட்டர்வொர்த்தில் மருந்தாளராக வேலை செய்கிறேன். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இந்த நிலையில் சோற்றின் மேல் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறையைப் பற்றி "லோ கார்ப் நல்லதா?" என்று யாராவது கேட்டால் நான் ஒரு நாளும் அலட்சியமாகப் பதில் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த லோ கார்ப்?

ஒரே பெயரில் மூன்று வழிகள்

முதலாவது கீட்டோ. ஒரு நாளைக்கு மொத்தம் 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துதான். அவ்வளவு குறைத்தால் உடம்பு கொழுப்பை உடைத்து கீட்டோன் என்ற பொருளைச் செய்து அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். 1921-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த முறை இது. எடை குறைப்பு என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்ததெல்லாம் பிற்பாடு. தமிழ்நாட்டிலிருந்து காணொளிகள் வழியாக நமக்கு வந்து சேர்ந்த பேலியோவும், காலையில் 100 பாதாம், மதியம் கோழி, ராத்திரி பனீர் என்று நம்மவர்கள் பின்பற்றுகிற விதத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

இரண்டாவது மிதமான குறைப்பு. நாளுக்கு 130 கிராமுக்குள். சோறு உண்டு, ஆனால் அளந்து.

மூன்றாவது நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு. கால் தட்டு சோறோ ரொட்டியோ, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு மாதிரி புரதம், மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். கிராம் கணக்கு கிடையாது, கண்ணளவுதான். இதை லோ கார்ப் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய குறைப்பு.

எவ்வளவு பெரியது என்பதை அண்ணன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்தோம். அண்ணி வழக்கம்போல அவருக்குச் சோறு போட்டார். குழம்பு ஊற்றும் முன் நான் தட்டை வாங்கித் தராசில் வைத்தேன். தட்டின் எடையைக் கழித்தால் 410 கிராம். வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் அந்த ஒரு வேளைக்கு மட்டும் 115 கிராம். கீட்டோக்காரருக்கு அது குறைந்தது இரண்டு நாள் கணக்கு. மிதமான வழியில் போகிறவருக்கு ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு. அண்ணி தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முப்பது வருசமா இதே கரண்டியில ரெண்டரைதான் போடுறேன்" என்றார்.

அண்ணி மேல் தப்பே இல்லை. எந்தக் கரண்டியும் கிராம் சொல்லாது.

இதே இடத்தில் சப்பாத்தியையும் பேசிவிட வேண்டும். "ராத்திரி சோறே கிடையாதும்மா, சப்பாத்திதான்" என்று சொல்கிறவர்களை வாரத்தில் பத்து பேராவது பார்க்கிறேன். ஆத்தா மாவு, கேழ்வரகு, ஓட்ஸ் எதை எடுத்தாலும் 100 கிராமில் 65 முதல் 75 கிராம் வரை மாவுச்சத்துதான். நடுத்தர அளவு சப்பாத்தி ஒன்றுக்கு 40 கிராம் மாவு போகிறது என்றால் 28 கிராம் மாவுச்சத்து. மூன்று சாப்பிட்டால் 80-ஐத் தாண்டும். மாமாக் கடைகளில் (தமிழ் முஸ்லிம் உணவகங்கள்) சப்பாத்தி இன்னும் பெரிது. நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் சீனி சற்று மெதுவாக ஏறும், அது நல்லதுதான். ஆனால் அளவு குறையவில்லை. சின்ன இட்லி ஒன்றில் 10, 12 கிராம், நான்கு சாப்பிட்டால் 40-க்கு மேல். பாலிக் பூலாவ் டுரியான் சுளை 100 கிராமுக்கு 27. பருப்பும் கடலையும் புரதம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அவித்த கொண்டைக்கடலையிலும் 100 கிராமுக்கு 27 கிராம் மாவுச்சத்து உண்டு.

மருந்துப் பை

எந்த வழி என்று முடிவெடுப்பதற்கு முன்னால் எல்லோரும் தராசில் தங்கள் எடையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் மருந்துப் பையைத்தான் கேட்பேன். அன்று அண்ணனின் பையை மேசையில் கவிழ்த்தேன். நான்கு மருந்து: மெட்ஃபார்மின், கிளிக்லசைட், ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோப்ரில், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டட்டின். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தது.

மெட்ஃபார்மினால் பெரிய பயம் இல்லை. கல்லீரல் தானாகச் சீனி செய்து ரத்தத்தில் விடுவதை அது குறைக்கிறது. தனியாக எடுக்கும்போது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. பிரச்சினை செய்தது கிளிக்லசைட். அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, முட்டை சாப்பிட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. தட்டில் 115 கிராம் மாவுச்சத்து வரும் என்ற கணக்கில் எழுதிக் கொடுத்த அளவு அது. தட்டு திடீரென்று காலியானாலும் மாத்திரை தன் வேலையைச் செய்யும். அதனால்தான் லாரியில் கை நடுங்கியது. கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் இரண்டும் இதே வகை. ஊசியாகப் போடும் இன்சுலினும் அப்படித்தான், இன்னும் வேகமாக. அண்ணன் வண்டியை ஓரங்கட்டியது தெய்வாதீனம். பினாங்குப் பாலத்தின் நடுவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்தது எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற வகை. சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்பதால் இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள், இனிப்பு நீர் இல்லாத இதய நோயாளிகளுக்கும்கூட. இதைப் போட்டுக்கொண்டு கீட்டோவில் இறங்கினால் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். இதில் மோசமான விஷயம், மெஷினில் சீனி அளவு ஏறாமல் சாதாரணமாகவே காட்டலாம். அதனால் ஆளும் ஏமாந்துபோவார், வீட்டாரும் ஏமாந்துபோவார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-லேயே இதற்கு எச்சரிக்கை கொடுத்தது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, அடித்துப்போட்ட மாதிரி அசதி, இவை சேர்ந்து வந்தால் மெஷின் எண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

"அப்போ கீட்டோன் என்றாலே விஷமா?" என்று அண்ணி கேட்டார். இல்லை. கீட்டோ உணவில் ரத்தத்தில் கீட்டோன் 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும், உடம்பில் இன்சுலின் வேலை செய்வதால் அதற்கு மேல் ஓடாது. அமில நிலையில் அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோய்விடும். பெயர் ஒன்று போல இருப்பதால் குழப்பம் வருகிறது. முதல் வகை இனிப்பு நீர் உள்ளவர்கள், அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காதவர்கள், மருத்துவர் கூடவே இல்லாமல் கீட்டோ பக்கம் போகக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையும் கவனிக்க வேண்டியது. மாவுச்சத்து வெகுவாகக் குறையும்போது இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி, சோர்வு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது எல்லாம் இதனால்தான். கீட்டோ காய்ச்சல் என்று அதற்கொரு பேரே வைத்திருக்கிறார்கள். உப்பைக் கூட்டினால் சரியாகும் என்று காணொளியில் சொல்வார்கள். திடகாத்திரமான ஆளுக்கு அது பொருந்தலாம். கொதிப்புக்கும் இதயத்துக்கும் மருந்து எடுக்கிறவர், சிறுநீரகம் பழுதானவர் அதைக் கேட்டு நடந்தால் வினைதான். அவர்களுக்கு மருந்தின் அளவைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சோற்றைக் குறைத்துவிட்டுத் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிட்டால் அந்த மருந்தின் வேலை குறையும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த ஒரு அளவுகோலில் மட்டும் மூன்றையும் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கால் தட்டு வழியை, இன்சுலினோ கிளிக்லசைட் வகையோ எடுக்காதவர் நாளைக்கே ஆரம்பிக்கலாம். எடுக்கிறவர் தன் தட்டு எவ்வளவு மாறப்போகிறது என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மிதமான வழிக்கு முன்னால் ஒரு தடவை அரசாங்கச் சுகாதார நிலையமான 'கிளினிக் கெசிஹாத்தான்' போய்ப் பையைக் காட்டியாக வேண்டும், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். கீட்டோ என்றால் முதல் நாளுக்கு முன்பே மருந்து மாற வேண்டியிருக்கும், முதல் வாரங்களில் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த மாதிரிக் கூடவே வரும் மருத்துவர் இல்லாமல், மருந்து எடுக்கிற ஒருவர் கீட்டோவைத் தொடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எது வேகம், எது நிற்கும்

வேகத்தில் கீட்டோதான். முதல் வாரமே இரண்டு கிலோ, மூன்று கிலோ இறங்கும். அதில் பெரும் பங்கு தண்ணீர். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் கரையும்போது, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரும் கூடவே போகும். ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்டால் மறுநாளே ஒன்றரைக் கிலோ திரும்பி வருவதும் அதே கணக்குத்தான். அதைப் பார்த்து மனமொடிந்துபோய் எல்லாவற்றையும் விட்டவர்கள் உண்டு.

ஒரு வருடக் கணக்கைப் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. 12 மாத முடிவில் மாவுச்சத்து குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இறக்கினார்கள், கொழுப்பு குறைத்தவர்கள் 5.3 கிலோ. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்று: சீனியையும் வெள்ளை மாவையும் தவிர்த்து, காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள்.

இனிப்பு நீருக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2021-இல் வந்த ஒரு கட்டுரை, மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் மூன்று மாதச் சீனி அளவான எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தது என்று காட்டியது. மற்ற உணவுமுறையில் அது 31 விழுக்காடு. பெரிய வித்தியாசம், மறுக்க முடியாது. ஆனால் ஒரு வருடம் ஆனபோது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. நான் கடையில் பார்ப்பதை வைத்துச் சொன்னால், ஆறாம் மாதத்துக்கு மேல் பிடித்து நிற்க முடிவதில்லை. தீபாவளி வரும், பிள்ளை கல்யாணம் வரும், வேலை மாறும்.

நம் ஆட்களுக்கு என்றே ஒரு கணக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் 18,090 பேரின் உணவை எடுத்து, எவ்வளவு குறைத்தால் பலன் என்று கணக்குப் போட்டு 2022-இல் வெளியிட்டார்கள். புதிதாக இனிப்பு நீர் வந்தவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்தை மொத்தச் சக்தியில் 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 விழுக்காடு அளவுக்குக் கூட்டினால் வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு. இது நேரடிச் சோதனை இல்லை, கணக்கு மாதிரிதான், அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் எனக்கு இது தெம்பு தருகிற விஷயம். நாளுக்கு 1600 கலோரி சாப்பிடுகிறவருக்குப் பாதி என்றால் 200 கிராம் மாவுச்சத்து. அறவே விட வேண்டியதில்லை. அண்ணன் மாதிரி ஒரே வேளையில் 115 சாப்பிடுகிறவர் அந்த இடத்துக்கு வந்தாலே நல்ல தூரம் வந்துவிட்டார்.

கொழுப்பு, சிறுநீரகம், அப்புறம் வழக்கமான கேள்விகள்

சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எது வருகிறது என்பதுதான் கொழுப்புக் கேள்விக்குப் பதில். மாவுச்சத்து குறைந்தால் டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கும், நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குக் கிடுகிடுவென்று ஏறிவிடும். நம் ஊரில் கீட்டோ என்றாலே தேங்காய்ப்பால், நெய், வெண்ணெய், தோலோடு கோழி. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியிலேயே 20 கிராம் அளவுக்கு நிறை கொழுப்பு (சாச்சுரேட்டட் கொழுப்பு) வந்துவிடும். ஒரு நாளைக்கு மொத்தமாகச் சொல்லும் வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். இதயத்தில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு, கீட்டோவை நான் சொல்லவே மாட்டேன். மிதமான வழியில் கெம்பூங் மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய், முட்டை, தௌஹு (டோஃபு) என்று போக முடியும், அதில் இந்தத் தலைவலி குறைவு. எந்த வழியானாலும் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று. கொழுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு மாவுச்சத்துக் குறைப்பால் அது கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும். வலி வராது, ஒன்றும் வராது. சிறுநீரில் புரதம் போகிறது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்களுக்கு, புரத அளவை ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராமுக்குள் வைக்கச் சொல்வது வழக்கம். அவர்கள் நாளுக்கு ஆறு முட்டை, அரைக் கோழி என்று இறங்கினால் சிக்கல்தான். அவர்களுக்குக் கால் தட்டு வழியை உணவியலாளரிடம் கேட்டு அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கௌட் என்ற மூட்டு வலி உள்ளவர்களுக்கு முதல் சில வாரம் யூரிக் அமிலம் ஏறலாம், கீட்டோனும் அதுவும் சிறுநீரகத்தில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுவதால். நெத்திலியும் ஈரலும் சேர்ந்தால் கால் கட்டைவிரல் வீங்கும். மலச்சிக்கல் வந்தால் காய்கறி போதவில்லை என்று பொருள். வாயில் ஒரு மாதிரி வாடை கீட்டோவில் வரும், அசிட்டோன் அது, ஆபத்தில்லை. முடி கொட்டுவது எடை வேகமாக இறங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து வருவது, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். "மூளைக்குச் சீனி வேண்டாமா?" என்று படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார் கேட்பார்கள். மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் எரிக்கும் என்பது உண்மை. சாப்பாட்டில் வராவிட்டால் கல்லீரல் கொஞ்சம் செய்து கொடுக்கும், மீதியைக் கீட்டோன் பார்த்துக்கொள்ளும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் கீட்டோ வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அதே பதில்தான்.

சமைப்பது யார், சாப்பிடுவது எங்கே

மருந்துப் பைக்கு அடுத்து நான் கேட்பது இது. அண்ணன் வீட்டில் ஐந்து பேர். அண்ணி காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். அவரை ஐந்தாவது ஆளுக்கு மட்டும் தனியாகக் காலிஃபிளவர் சோறு துருவச் சொல்வது நியாயமில்லை, எத்தனை நாள் நடக்கும் என்பதும் தெரிந்த கதை. வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம். தைப்பூசத்துக்கு அண்ணன் 48 நாள் விரதம் இருக்கிறவர். சைவத்தில் கீட்டோ என்றால் பருப்பும் கடலையும் கணக்கில் அடைபடும், பனீரும் தௌஹுவும் மட்டுமே மிஞ்சும். மிதமான வழியில் அப்படி இல்லை. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், மாவுச்சத்து பத்துக்குள். அதைச் சம்பால் போட்டு வதக்கி, சோற்றைப் பாதியாக்கி, பீர்க்கங்காய்க் கூட்டும் கங்கோங் கீரையும் வைத்தால் சைவ நாளும் ஓடிவிடும்.

லாரி ஓட்டுகிறவர் வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும். பினாங்கில் நாசி கண்டார் கடைக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அந்தக் கவுண்டரில் நின்று பார்த்தால் நல்ல சாமான்களும் இருக்கின்றன: வெண்டைக்காய், முட்டைக்கோஸ், பாகற்காய், அவித்த முட்டை, மீன். கெடுப்பது சோற்று மலையும் 'பஞ்சிர்' என்று ஊற்றிக் குளிப்பாட்டுகிற குழம்பும், இனிப்பு தடவிய கோழியும், கூட வரும் சிராப் பானமும்தான். பசியாறும்போது குடிக்கும் தே தாரிக்கில் இருப்பது கெட்டிப்பால், அதுவே சீனி. 'கூராங் மானிஸ்' என்று கேட்டால் குறையும், 'தே சி கோசோங்' என்று கேட்டால் தனியாகச் சேர்த்த சீனி இருக்காது. என் அனுபவத்தில், பானத்தை மட்டும் மாற்றிவிட்டு வேறு எதையும் மாற்றாதவர்களுக்கே அடுத்த ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. இந்த மாற்றத்துக்கு யாருடைய சமையலும் மாற வேண்டியதில்லை, செலவும் இல்லை.

ஒரே குடும்பம், வேறு வேறு முடிவு

கீட்டோ யாருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. செபராங் ஜெயாவிலிருந்து கடைக்கு வரும் ஒரு தங்கச்சி, 38 வயது, தனியாக இருக்கிறார், தன் சமையல் தன் கையில். இனிப்பு நீர் எல்லையில் நின்றார், மருந்து எதுவும் இல்லை. ரத்தம் சோதித்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நான்கு மாதம் கீட்டோ இருந்து பதினொரு கிலோ இறக்கினார். அப்புறம் மெதுவாக மிதமான வழிக்கு வந்துவிட்டார். அவருக்கு அது சரியான முடிவு. மருந்து இல்லை, வயது சாதகம், எடை அதிகம், சமையலறை தன் வசம். இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து அமைவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரியம்மாவுக்கு வயது 76. அவரும் அண்ணனைப் பார்த்துச் சோற்றை விட்டிருந்தார், யாரிடமும் சொல்லாமல். 46 கிலோ உடம்பு. அவருக்கு எடை குறைவதே ஆபத்து, குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும், தசை போனால் குளியலறையில் விழுவார். அவருக்குச் சோறு கால் தட்டு கட்டாயம், கூட ஒரு துண்டு மீனோ முட்டையோ மூன்று வேளையும். "சோறு சாப்பிடச் சொல்ற ஒரே ஆளு நீதான்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கு நான் சொன்னது மிதமான வழி. வேளைக்கு 40 கிராம் மாவுச்சத்து, அதாவது சோறு 140 கிராம். அதை ஒரு தடவை அளந்து, எந்தக் கிண்ணத்தில் நிரம்புகிறது என்று பார்த்து, அந்தக் கிண்ணத்தை அவருக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். அதற்குமுன் அடுத்த திங்கட்கிழமையே பையோடு கிளினிக்குக்குப் போனார். ஒன்பது நாளும் குத்திப் பார்த்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு கிளிக்லசைட்டைப் பாதியாக்கினார், ஆறு வாரம் கழித்து அறவே நிறுத்தினார். இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்க்கச் சொன்னார். எந்தச் சாப்பாடு தன்னை ஏற்றுகிறது என்று அண்ணனுக்கே அதில் தெரிந்துவிட்டது. சோற்றைவிட மாலை நேரத்து வாழைப்பழ உருண்டை ஏற்றியதைக் கண்டு அவருக்கே வியப்பு. நான்கு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. எச்பிஏ1சி 8.4-லிருந்து 7.1.

போன வாரம் அவரோடு ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடைக்குப் போயிருந்தேன். வரிசையில் அவர் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பையன் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டான், "அண்ணே, நாசி சிக்கிட், குவா அசிங்தானே?" சோறு கொஞ்சம், குழம்பு தனி என்று அர்த்தம். அண்ணன் தலையாட்டினார். வெண்டைக்காய் இரண்டு கரண்டி, மீன் ஒரு துண்டு, குழம்பு தனியாகக் கிண்ணத்தில். சாப்பிட்டு முடித்து லாரிக்கு வந்தபோது, ஸ்டீரிங் பக்கத்தில் மெஷின் வைக்கும் சின்னப் பை இருந்தது. அதற்குள் சீனிப் பொட்டலம் மூன்று, ரப்பர் பேண்டு போட்டு. கிளிக்லசைட் நின்று மாதக்கணக்காகிவிட்டது, இனி அது தேவைப்படுமா என்று கேட்டார். இருக்கட்டும் அண்ணே என்றேன்.